காக்காய் குந்தும் கல்

சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு வினோத் தன் கூரைமேல் ஏறியபோது, அண்ணன் துளசிங்கம் ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். ஒருவன் வீட்டுச் சுவரை உடைப்பதென்றால் அவன் வீட்டில் இல்லாத நேரம்தானே நல்ல நேரம்.

அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவே இருந்தது ஒரே சுவர். துளசிங்கம் கட்டிய தளம் போட்ட வீட்டின் உயரமான செங்கல் சுவர் அது. அதன் பாதியில் முட்டிக்கொண்டு சரிந்தது வினோத்தின் ஷீட் கூரை.

மழை வந்தால் சுவரில் வழியும் தண்ணீர், ஷீட்டும் சுவரும் சேரும் சந்து வழியாக உள்ளே இறங்கிவிடும். இறங்குகிற இடம் குழந்தைக்குத் தூளி கட்டுகிற இடம்.

சுண்ணாம்புக்குளத்தில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, மறுநாள் குழந்தையோடு வரவேண்டிய தேவி காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள். "இந்த மழைக்கும் சுவத்தோரம் சொட்டுச்சின்னு வெச்சிக்க, புள்ளைய தூக்கினு வரவே மாட்டேன். நீயும் உன் ஓட்டையும் குடும்பம் நடத்துங்க."

வினோத்தும் சும்மா இல்லை. சிமெண்ட் பூசினான், தார் ஊற்றினான், பழைய வலையைச் சுருட்டித் திணித்தான். கடைசியில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடும் பசையைக் கொண்டுவந்து ஒட்டினான். படகில் பூசினால் ஏரியையே வெளியே நிறுத்திவைக்கும் சாமான். கூரையில் முதல் காற்றுக்கே ஷீட் ஆட, வாயைப் பிளந்துகொண்டது.

குற்றவாளி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. கூரைக்கு ஒரு சாண் மேலே, சுவரிலிருந்து இரண்டு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்த செங்கல் வரிசை. துளசிங்கம் வீட்டின் மற்ற மூன்று பக்கமும் மழமழவென்று இருக்க, தம்பி பக்கம் மட்டும் இப்படி ஒரு நீட்டல். ஊர்க் காக்காயெல்லாம் கருவாட்டைத் திருடிவந்து அதில்தான் உட்காரும். தான் அடைத்ததையெல்லாம் கொத்தி எடுப்பது அவைதான் என்பது வினோத்தின் கண்டுபிடிப்பு.

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று முறை பிரித்ததில் வந்த சண்டை; அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. ஜாடைப் பேச்சு உண்டு. அதுகூட இல்லாமல் ஒரு குடும்பம் எப்படி நடக்கும்?

ஷீட் போட்ட அன்றுகூட, வாசலில் நின்று ஒரு காக்காயைப் பார்த்துத் துளசிங்கம் கத்தினான். "இன்னாத்துக்குக் கீழயே நிக்கிற? மேல ஏறு! கல்லாண்ட போ!"

என் கூரையில் எச்சம் போடக் காக்காய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறானா என்று வினோத் கொதித்துப் போனான். அவன் கல் தன் கூரையில் படவே கூடாதென்று ஷீட்டை ஒரு சாண் இறக்கிப் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தான்.

இப்போது சுத்தியலை ஓங்கும்போது, கீழே கருவாடு அள்ளிக்கொண்டிருந்த அண்ணி திரௌபதி தன் கோழியிடம் பேச்சுக் கொடுத்தாள். "ஏ கோழி, அந்தக் கல்லு வேணாம்னு சொன்ன மேஸ்திரியாண்ட எங்க வூட்டுக்காரரு எம்மா சண்ட போட்டாரு தெரியுமா? ஒடச்சா சும்மா வுட மாட்டாரு."

மேஸ்திரியோடு சண்டை போட்டு வைத்த வஞ்சனையா! வினோத்துக்கு ரத்தம் ஏறியது. "ஏ சுத்தியலு, கோழிக்கெல்லாம் பதில் சொல்லாத. உன் வேலைய பாரு."

முதல் அடியில் கல்லின் முனை மட்டும் பெயர்ந்தது. அதற்குள் வாடைக் காற்று திரும்பி, சடசடவென்று தூறல் விழுந்தது. வாடை வலுத்தால் ஏரியில் யார் நிற்பார்கள்? படகுகள் கரைக்குத் திரும்பிவிடும் என்பது வினோத்துக்குத் தெரியும். ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தான்.

இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியவன் கீழே பார்த்தான். நனைந்த லுங்கியும் தோளில் துடுப்புமாகத் துளசிங்கம் நின்றிருந்தான்.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. கோழி மெல்ல நகர்ந்துபோய்க் கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "சாமி, இன்னைக்கு ரெண்டு கொலை வுழப் போவுது," என்றாள் திரௌபதி. இந்த முறை யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

துளசிங்கம் துடுப்பைக் கீழே போட்டான். உடைந்த முனையைப் பார்த்தான். கல்லுக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருந்த சாண் இடைவெளியைப் பார்த்தான். தம்பி முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு காக்காய் வந்து, மழைக்குச் சிறகை உதறிக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்தது.

அதைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான் துளசிங்கம்.

"ஏ மக்குக் காக்கா! நீ குந்துறதுக்கா அந்தக் கல்ல நீட்டுனேன்? அதுக்கு அடியில என் தம்பி கூரைய சொருவுவான்னு நீட்டுனேன்!"