நாகவேணி வருகிறாள்

சிர்சியில் பாக்கு மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தர்மப்பா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மனைவி நாகவேணியை அக்கா என்றே கூப்பிட்டான். "பார்க்க அவளாட்டமே இருக்கீங்க. ஆனா நீங்க அவ இல்லை."

அடிபட்ட மூளைக்கு முகம் தெரிகிறது, தன்னவள் என்ற உணர்வு மட்டும் வரவில்லை, முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டால் கண்டுகொள்வான் என்றார் டாக்டர். நாகவேணி கலங்கவில்லை. தினமும் மாட்டுத் தொழுவத்தில் நின்று அவனுக்குப் போன் செய்தாள்.

"எப்போடி வருவே?" என்று உருகுவான்.

"வரேங்க. அதுவரைக்கும் அந்த அக்கா கொடுக்கிற மாத்திரையைத் துப்பாம முழுங்குங்க."

இப்படியே அவனைத் தேற்றி நடக்க வைத்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் நீர்தோசை பரிமாறும்போது அவன் போன் அடித்தது. அவளுடைய போன் அவள் இடுப்பில் இருந்தது.

"பஸ்ஸை விட்டு இறங்கிட்டியா? வா, வா!" என்றான்.

"பாலத்தைத் தாண்டிட்டேங்க" என்ற பதில் அவள் காதிலும் விழுந்தது. அவள் குரலேதான்.

"அக்கா, அவ வர்றா. இன்னொரு தட்டு வைங்க."

"வரட்டும். நானும் பார்க்கிறேன்" என்று நாகவேணி தட்டை எடுத்து வைத்தாள்.

வாசலில் கட்டியிருந்த நாய் குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றது.