தீவுக்காரர் கிடைத்த மாலை

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். மழை இன்னும் இறங்கவில்லை. மேற்கே வானம் கறுத்து, ஒருமுறை உறுமி அடங்கியிருந்தது.

"அம்மாடி! ஓடி வா, தீவுக்காரன் மாட்டிட்டான்!"

மாமனாரின் குரல் கேட்டு, மருமகள் மாத்திரையும் தண்ணீருமாக அடுத்த அறையிலிருந்து வந்தாள். கட்டிலின் குறுக்கே போட்ட பலகையில் மடிக்கணினி இருந்தது. அதை ஒட்டி, உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்களோடு தொடர்புகொள்ள உதவும் அவருடைய அமெச்சூர் வானொலிப் பெட்டி. திரையில் பதினைந்து விநாடிக்கு ஒரு வரி விழுந்துகொண்டிருந்தது.

இந்த முறையில் வாயால் பேச வேண்டியதில்லை. இரண்டு நிலையங்களின் மென்பொருள்களும் முறைவைத்துக் குறியீடுகளைப் பரிமாறிக்கொண்டு, முடிவில் விடைபெறும். உடனே ஒரு சிறு கட்டம் எழும்பி, 'இந்தத் தொடர்பைப் பதிவேற்றலாமா?' என்று கேட்கும்.

அவர் பதிவேற்றினார். "கடலுக்கு அந்தக் கோடியில உட்கார்ந்துக்கிட்டு என்னைக் கூப்பிடுறான் பாத்தியா!"

"பெரிய ஆளுதான் மாமா நீங்க. மாத்திரையைப் போடுங்க, அப்புறம் உலகத்தை ஆளலாம்."

சிரித்துக்கொண்டே விழுங்கினார். வானம் இலேசாக உறுமினாலே, 'ஆன்டெனா வயரைப் பிடுங்கு, மின்னல் உள்ளே வந்துடும்!' என்று வீட்டையே கூட்டிவிடுகிற மனிதர் அவர். தீவுக்காரர் கிடைத்த மகிழ்ச்சியில் இன்று இடி காதில் விழவில்லை போலும்.

அழைப்பு மணி ஒலித்தது.

வாசலில் வானொலிச் சங்கத்தின் செயலாளர் நின்றார். தாம் கொண்டுவந்த தாளை அவளிடம் நீட்டாமல், குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் ரெண்டு மாசமா ஏத்தின தொடர்பெல்லாம் பொய்னு புகார் வந்திருக்கும்மா. அந்த நிலையக்காரங்க ஒருத்தர்கூட 'ஆமா, பேசினேன்'னு சொல்லலை. முப்பது வருஷமா ஒரு கறை இல்லாத மனுஷன். சொல்ல எனக்கே நாக்கு கூசுது."

அவள் கதவை ஒருக்களித்தாள். "பொய் சொன்னது அவர் இல்லீங்க. நான்தான்."

இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு சூறைக்காற்றில் மொட்டை மாடி ஆன்டெனா கம்பத்தோடு முறிந்து விழுந்தது. மறுபடி கம்பம் நடக் கூடாது என்று வீட்டின் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த மாமனார் அப்போது மாத்திரை மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்தார்.

மருமகளுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே செய்வாள். அவர் கண்விழிக்கும் முன்பே, தன் கணினியிலிருந்து அவருடைய கணினிக்கு ஒரு கம்பியை இழுத்துவிட்டாள். அன்றுமுதல், அவருடைய பழைய நண்பர்களின் வானொலிப் பெயர்களான அழைப்புக்குறிகளில் அவரைக் கூப்பிட்டவள் அவள்தான். பனிநாட்டுக்காரரும் அவளே, தீவுக்காரரும் அவளே.

எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். அவர் ஏற்றுகிற ஒவ்வொரு தொடர்பையும் அந்த மென்பொருள் தானாகவே சங்கத்துக்கு அனுப்பிவிடும்.

செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப ஒரு வழி இருக்கு. நடந்ததை அண்ணனே எழுதிக் கொடுத்துட்டா பேரு தப்பிச்சிடும். இல்லேன்னா, சங்கத்துலேருந்து நீக்கத்தை ஏத்துக்கறேன்னு கையெழுத்துப் போடணும். ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே வேணும்மா."

"எழுதணும்னா அவருக்கு விஷயம் தெரியணுமே."

"தெரியாம எப்படி?"

"வேண்டாங்க. பேரு போனது தெரியாமலே இருந்துடுவார். ஆன்டெனா போனது தெரிஞ்சா சாப்பாட்டைத் தொட மாட்டார். அந்தத் திரைக்காகத்தான் காலையில கண்ணையே திறக்கிறார்."

"யாரும்மா வாசல்ல குசுகுசுன்னு? நம்ம செயலாளரா?" உள்ளிருந்து குரல் வந்தது. "பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி ஏன் அங்கேயே நெளியிறான்? உள்ள வரச் சொல்லு!"

இருவரும் உள்ளே போனார்கள்.

"சங்கத்துத் தாள் மாமா. உறுப்பினர் புதுப்பிக்கணுமாம்," என்றாள் மருமகள். செயலாளர் தரையைப் பார்த்தார்.

"இப்பதான் ஒரு தீவைப் பிடிச்சேன். சொன்னாளா?"

"சொன்னாங்க அண்ணே." அவர் தொண்டையைச் செருமினார். "கண்ணாடியை எடுத்துத் தரட்டுமா? ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு..."

மருமகளின் கை புடவைத் தலைப்பை இறுக்கியது.

"எதுக்குடா? நீ கொண்டுவந்திருக்கே, இவ போடுங்கிறா. இதுல நான் படிச்சு என்ன கிழிக்கப்போறேன்? எங்க போடணும், காட்டு."

செயலாளரின் விரல், 'நீக்கத்தை ஏற்கிறேன்' என்ற வரியின் கீழே போய் நின்றது. மாமனார் நிதானமாகக் கையெழுத்திட்டார். வழக்கம்போல அதனடியில் தம் அழைப்புக்குறியையும் எழுதினார். முப்பது ஆண்டுப் பெயர் ஒரு கோட்டில் முடிந்தது. மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சன்னல் கண்ணாடிகள் அதிர, மிக அருகில் இடி விழுந்தது.

திடுக்கிட்டவள், கைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்பதுபோல் வானொலிப் பெட்டியின் பின்புறம் பாய்ந்தாள். "இதோ மாமா, வயரைப் பிடுங்கிடறேன்!"

கையெழுத்திட்ட தாளைச் செயலாளரின் கையில் வைத்தபடி மாமனார் சொன்னார்:

"விடும்மா, மாடியில முறிஞ்சு கிடக்கிற ஆன்டெனாவை எந்த இடி தேடி வரப்போகுது?"