பிறந்தநாள் எண்

"பிரபஞ்சம் அழியுற வரைக்கும் ஒரு நம்பர் ரெண்டு தடவை வராது!" என்று கைதி எண் திட்டத் தொடக்க விழாவில் சிறை சூப்பிரண்டு மாசிலாமணி முழங்கியிருந்தார். ஆனால் கம்ப்யூட்டர் தானாக எண்ணைக் குலுக்கி எடுப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை; தினமும் காலையில் தன் பிறந்தநாளிலிருந்தே குலுக்கத் தொடங்கவைத்தார், ராசிக்காக. நேற்றைய முதல் கைதிக்கும் இன்றைய முதல் கைதிக்கும் ஒரே எண் வந்தது.

"தினமும் ஒரே இடத்துல தொடங்கினா அதே வரிசைதான் திரும்ப வரும். உங்க பிறந்தநாளை எடுத்துட்டா சரியாயிடும் சார்" என்றாள் கம்ப்யூட்டர் பார்க்கும் தமயந்தி.

"மந்திரி முன்னாடி பேசியாச்சும்மா. நம்பர் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுதான்."

இருவரையும் ஓர் அறையில் தள்ளி, நடுவில் ஒரே ஓர் இரும்புக்கம்பியைப் போட்டுப் பூட்டினார். உள்ளே முதல் எலும்பு முறிந்தது. தமயந்தி கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பிறந்தநாளை அழிக்கப் பாய்ந்தாள்.

"அவசரப்படாதே" என்றார் கனிவாக. "எந்தப் பேரை அழிக்கணும்னு இன்னும் தெரியலை."