கமிஷனரின் மூக்கு

“கமிஷனர் பொய் அறிக்கை கொடுத்திருக்காரு, எஜமான்!” என்று நீதிபதியைக் கையெடுத்துக் கும்பிட்டார் அய்யாத்துரை.

ராயபுரத்தில் அவர் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் ஜாபரின் கருவாட்டுக் கிடங்கு. அந்த வாடையில் மனைவி சுகிர்தம் சோறு இறங்காமல் பாதி உடம்பாகிவிட்டாள். கிடங்கை மூட வேண்டும் என்று வழக்குப் போட்டார். கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, நேரில் பார்த்துவரச் சொன்னது. அவர் அய்யாத்துரையின் வீட்டுக் கூடத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘கருவாட்டு வாடை துளியும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

“ஜாபர் அவரை நல்லா கவனிச்சிட்டான், எஜமான்.”

“அல்லா மேல ஆணைங்க! நான் ஒரு டீ கூட வாங்கிக் குடுக்கல” என்று பதறினார் ஜாபர். “அவரு எயுதுனதக் கேட்டு எனக்கே அதிசயமாப் பூட்ச்சி. கிடங்குல கருவாடு மல மாதிரி கீது!”

நீதிபதி அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

“கமிஷனர் எழுதியதை நான் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்.”

அய்யாத்துரை ஜட்கா பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

“ஏட்டி சுகிர்தம், ஜெயிச்ச மாதிரிதான்! ஜட்ஜே நம்ம வீட்டுக்கு வாராரு!”

“ஐயையோ, அம்புட்டுப் பெரிய மனுசர் வாரப்போ வீடு இப்படியா நாறிக்கிட்டுக் கெடக்கும்?”

“அதுக்குத்தான் வழியிலேயே வாங்கிட்டு வந்திருக்கேன்” என்று கனத்த பையை நீட்டினார் அய்யாத்துரை. “கமிஷனர் வந்தன்னைக்கே கால் வீசை சாம்பிராணி போட்டோம். ஜட்ஜுக்கு ஒரு வீசையாவது போட வேண்டாமா?”