காற்றுப் போகும் கதவு

பம்ப் நிற்கவே இல்லை.

கதவைப் பூட்டினால், அதைச் சுற்றியிருக்கும் இறப்பர் குழாயில் காற்றை நிரப்பிவிட்டு அது தானாக அடங்க வேண்டும். அந்தக் குட்டி விமானத்திலோ காலையிலிருந்து இரைந்துகொண்டே கிடந்தது.

அர்ஷாத் பம்பிலிருந்து போகும் குழாயை இடுக்கியால் நெரித்துப் பார்த்தான். இரைச்சல் நின்றது. அப்படியென்றால் பம்பில் பிழை இல்லை. கதவு இறப்பரில்தான் எங்கோ ஓட்டை.

அந்த இறப்பரை நேற்றுப் பகல் புதிதாகப் போட்டவன் சுஜிந்தன்.

தினமும் அர்ஷாத் தன் மோட்டார் சைக்கிளில் பாண்டிருப்பு ஊரிலிருந்து வேலைக்கு ஏற்றி வருகிற ஆள்தான். ஆனால் இன்றைக்கு அவன் முழி சரியில்லை. வழி நெடுக வாயில் கொழுக்கட்டை.

“நான் போடக்குள்ள ஓட்டை இருக்கல்ல, நானா,” என்றான், அர்ஷாதை அண்ணன் முறையில் அப்படிக் கூப்பிடுகிறவன், முகத்தைப் பார்க்காமல்.

கள்ளன். கத்தி பட்டிருக்கும், மூடி மறைத்துவிட்டான். அர்ஷாதுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்ப் பெரிய எஞ்சினியரிடம் சொல்லிவிட்டான். ஓட்டையைக் காட்டினால் இன்றே அவனை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார் அவர்.

சவர்க்கார நுரையை இறப்பர் நெடுகப் பூசினான். கீழ் மூலையில் குமிழி கிளம்பியது. அகப்பட்டாயா என்று கறுவிக்கொண்டே மடிப்பை விரித்தான்.

கத்திக் கீறல் இல்லை.

பச்சை முத்து வைத்த ஊசியொன்று இறப்பருக்குள் ஏறி நின்றது. பெண்கள் முக்காட்டில் குத்துகிற ஊசி.

அர்ஷாதுக்கு அந்தப் பச்சை முத்தைத் தெரியும்.

நேற்றுப் பின்னேரம், வேலை மிச்சம் இருக்கிறது என்று சுஜிந்தனைப் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, மனைவி ஹாஜறாவைக் களவாகக் கூட்டி வந்து இந்த விமானத்துச் சீற்றில் இருத்தினான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே ஆசை. திரும்பும் வழியெல்லாம் ஊசியைக் காணோம் என்று முக்காட்டைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். கீழே விழுந்த ஊசியின் மேல் கதவைப் பூட்டியவன் அவன்தான்.

வெளியாளை ஏற்றியது தெரிந்தால் அவன் வேலைதான் போகும்.

எஞ்சினியரின் சப்பாத்துச் சத்தம் நெருங்கியது. அர்ஷாத் ஊசியைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் பொத்தினான். ஓட்டை மட்டும் மிஞ்சியது.

சுஜிந்தன் துணியோடு குனிந்து, பக்கத்தில் நுரையைத் துடைக்கத் தொடங்கினான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“நேத்து பஸ் சுணங்கித்தான் வந்திச்சி, நானா. அது வாறவரைக்கும் வாசல்லதான் நிண்டன். மதினிக்குப் பிளேன் புடிச்சிச்சா?”