தள்ளி உட்காரு

“அம்மா சரின்னாதான் கல்யாணம். இன்னிக்கு ஒருநாள் வாயை அடக்கிக்கோ,” என்று வாசலிலேயே காதலியிடம் கெஞ்சியிருந்தான் அவன்.

டாக்டர் சொன்னபடி தொண்டைக்கு ஓய்வு கொடுத்திருந்த அவன் அம்மா, எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். செவ்வாய் கிரகத்துக்குப் போகும் கதையுள்ள பழைய ஆங்கில நாவலை மூன்றாவது முறையாக எடுத்த படம், டிவியில் தமிழ் டப்பிங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

அவளால் பொறுக்க முடியவில்லை.

“நாவல்ல விண்கப்பலை ஓட்டறதே அந்தப் பொண்ணுதான் அத்தை. முதல் படத்துல அவளுக்கு அலறறது மட்டும்தான் வேலை. காது கிழியுது! ரெண்டாவதுல ஒரே ஒப்பாரி.”

அவன் அவள் காலை மிதித்தான்.

“எதுக்கு மிதிக்கிறே? மூணாவதுலதான் கேப்டனையே ‘தள்ளி உட்காரு, நான் ஓட்டறேன்’ங்கறா. அந்தக் குரலுக்காகவே பத்து தடவை பார்த்தேன்.”

“மூணு கதாநாயகிக்கும் தமிழ்ல குரல் குடுத்தது அம்மாதான்!” என்றான் அவன், முகம் வெளிறி.

“ஐயோ! அந்த அலறலுமா?”

அம்மா தொண்டையைச் செருமினாள். டிவியில் கேட்ட அதே குரல் இப்போது சோபாவிலிருந்து வந்தது.

“தள்ளி உட்காருடா. மருமக எம் பக்கத்துல உட்காரட்டும்.”