இடப்பக்கம் சாய்ந்த கோடு

அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள்.

மேலே நட்சத்திரங்கள். கீழே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். இரண்டுக்கும் நடுவே எல்லை தெரியவில்லை.

அந்த இருட்டுக்குள்தான் நவநீதன் பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

பக்கத்தில் பயிற்சியாளர் அவனை ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மைக்கின் பொத்தானை அழுத்திப் பேசுவார். விடுவார். காத்திருப்பார்.

இரைச்சல் மட்டும் வந்தது.

இதே அலைவரிசையில் நகரத்து விமான நிலையமும் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் பறக்க வேண்டியவள் அவள்.

வானமும் கடலும் ஒன்றாகிவிடும் இருட்டில், இறக்கைகள் நேராக இருக்கின்றனவா என்று சொல்வது ஹொரைசன் என்ற ஒரே ஒரு கருவிதான். விமானம் தரையில் நிற்கும்போதே அவள் அதைப் பார்த்தாள்.

"சார், ஹொரைசன்ல கோடு இடது பக்கம் சாயுது."

"பகல்ல நல்லாத்தானேம்மா இருந்துச்சு."

பகலில் அதை யார் பார்க்கிறார்கள்?

இதை அவள் கேட்கவில்லை. இறங்கிவிட்டாள்.

இறங்கியவர் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். அடுத்தவன் நவநீதன். ஏறப்போனவனிடமும் சொன்னாள்.

"நட்சத்திரம் சாயாதுல்ல? அதைப் பாத்து ஓட்டிக்கறேன். பயந்தாங்கொள்ளி, நீ போய் டீ குடி."

இப்போது படகு விளக்குகள் நகரத் தொடங்கின.

சிதறிக் கிடந்தவை ஒவ்வொன்றாக ஒரே இடத்துக்குப் போயின.

பயிற்சியாளரும் பார்த்தார். கடைசியாக ஒருமுறை அவன் பெயரைச் சொன்னார். மைக் வாயிலிருந்து மெல்ல இறங்கியது.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"கோடு சாயுதுன்னு வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"நவநீதன்கிட்ட."

"வேற?"

"இல்ல சார்."

நீளமாக மூச்சு விட்டார்.

"சரி. நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

கட்டை விரல் இன்னும் பொத்தானை இறுக்கிக்கொண்டிருந்தது. ரேடியோவில், பேச்சு வெளியே போகும்போது எரியும் சிவப்பு விளக்கு அணையவில்லை.

அவள் ரேடியோவில் பேசும்போதெல்லாம் அவர் திட்டுவார். முணுமுணுக்காதே. சத்தமாகப் பேசு. முதலில் விமானத்தின் எண்ணைச் சொல்.

ஓரடி கிட்டே போனாள்.

சத்தமாக, முதலில் விமானத்தின் எண்ணைச் சொன்னாள்.